முதுமையின் மறதியும் சத்து மாத்திரையும்



ஓர் ஆசிரியையின் பெயரால் அமைந்த அறக்கட்டளை இது. வகுப்பில் அறுபது பிள்ளைகளின் பெயரையும் வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே கூப்பிடக்கூடியவர், கடைசி ஆண்டுகளில் தம் சொந்தப் பிள்ளைகளின் பெயரை மறந்திருந்தார். இலக்கியச் சொற்பொழிவுகளே நடந்துவந்த இந்த மேடைக்கு ஒரு மருத்துவனை அழைத்ததற்குக் காரணம் அதுதான். அழைப்பிதழோடு என் வீட்டுக்கு வந்த அவருடைய மகன், கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்: “அம்மாவுக்கு அந்த ஞாபக சக்தி மாத்திரையெல்லாம் இன்னும் முன்னாடியே ஆரம்பிச்சிருந்தா தப்பிச்சிருப்பாங்களா, டாக்டர்?”

வாசலில் நின்று சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. இன்றைய உரை முழுவதும் அந்தக் கேள்விக்கான பதில்தான்.

ஒரு மஞ்சள் பை

முதலில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், வயது எழுபத்திரண்டு. பரம்பரையாகச் சைவ உணவு. பேரேட்டில் ஒரு பக்கத்தைப் பேனா நுனியால் மேலிருந்து கீழே தடவிக்கொண்டே கூட்டிச் சொல்லிவிடுவாராம். இப்போது பால்காரர் கணக்கு தப்புகிறது. பேசிக்கொண்டே இருக்கும்போது சொல்லவந்தது மறந்துபோகிறது. இருட்டில் நடந்தால் தள்ளாடுகிறார்.

அவர் மனைவி ஜவுளிக்கடை மஞ்சள் பையை என் மேசைமேல் கவிழ்த்தார். பதினொரு புட்டிகள். ஜின்கோ இலைச்சாறு, மீன் எண்ணெய், மஞ்சள் சத்து, வல்லாரையும் பிரமியும் கலந்த குளிகை, இரண்டு வேறு வேறு கம்பெனிகளின் மல்டிவைட்டமின், மூன்று வகை பி-காம்ப்ளக்ஸ், மருமகன் வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்தவை இரண்டு. “மாசம் நாலாயிரத்துச் சொச்சம் ஆகுது சார். பென்ஷன்ல பாதி இதுக்கே போகுது” என்றார் அந்த அம்மா.

பையின் அடியில் மடித்து வைத்த ஒரு மருந்துச் சீட்டு கிடந்தது. எனக்கு வேண்டியது அதில்தான் இருந்தது. சர்க்கரைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக மெட்ஃபார்மின். காலையில் வெறும் வயிற்றில் போடுகிற ‘கேஸ் மாத்திரை’ ஏழு ஆண்டுகளாக. இரவில் தூக்கத்துக்கு அரை மாத்திரை. காலில் இசைக்கவையைத் தட்டி வைத்துப் பார்த்தேன். கணுக்கால்வரை அதிர்வு தெரியவில்லை. இரத்தத்தில் பி12 அளவு பார்க்கச் சொன்னேன். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே போனாலே குறைபாடு என்கிறோம். அவருக்கு 110.

பதினொரு புட்டி சாப்பிட்டவருக்கு ஒரு வைட்டமின் பற்றாக்குறை! இது எப்படி என்று விளங்கிவிட்டால், சத்து மாத்திரை எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் விளங்கிவிடும். நான் இன்று சொல்லவந்தது ஒன்றே ஒன்று. குறை இருக்கிற இடத்தில் ஊற்றினால் நிரம்பும், நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியும். எது குறை என்று பார்க்காமலே ஊற்றுவதுதான் இன்றைய வியாபாரம்.

கோஷா ஆஸ்பத்திரியில் ஒரு பாடம்

மாத்திரையின் மேல் நமக்கு இவ்வளவு நம்பிக்கை வந்தது சும்மா இல்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றின் ஒரு பகுதி நம் மண்ணில் நடந்தது.

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பகாலத்தில் கடுமையான சோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். இரும்புச் சத்து கொடுத்தும் தீராத சோகை அது. காரணம் தேடி, 1929இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்து ராபர்ட் மெக்காரிசனின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தார். 1931இல் சென்னையில், திருவல்லிக்கேணி மக்கள் இன்றும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று சொல்கிற மருத்துவமனையில் இருந்தார். பீர் வடித்தபின் மிஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்கிற, ரொட்டியில் தடவித் தின்கிற மலிவான மார்மைட்தான் அந்தச் சோகையைக் குணமாக்கியது. இலங்கையிலிருந்து வந்திருக்கும் நண்பர்களுக்கு மார்மைட்டை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கருப்பாக, உப்பாக, பசைபோல இருக்கும்.

மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1941இல் அதைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கிய அணிக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். மெக்காரிசனின் குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஹைதராபாதுக்கு மாறி, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது.

இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது, அந்தப் பெண்களுக்கு உண்மையிலேயே ஒரு பொருள் குறைந்திருந்தது என்பதுதான். குறைந்ததைக் கொடுத்ததும் பிழைத்தார்கள். வைட்டமின்களின் வெற்றிக் கதைகள் எல்லாமே இப்படிப்பட்டவைதான். குறைபாட்டு நோயில் கிடைத்த அந்தப் பெயரை, குறைபாடு இல்லாத இடத்தில் விற்றுக் காசாக்குகிறது சந்தை.

பி12 என்கிற சிவப்புச் சத்து

மறதியோடு நேரடித் தொடர்புள்ள வைட்டமின் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் பி12ஐத்தான் சொல்வேன். கோபால்ட் கலந்திருப்பதால் சிவப்பு நிறம். நம் ஊரில் ‘நரம்பு ஊசி’ என்று சொல்கிற சிவப்பு ஊசியில் இருப்பது இதுதான். பாலில், தயிரில், முட்டையில், மீனில், கறியில் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் காய்கறியிலும் இல்லை. நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை சேதமில்லாமல் இருக்க இது வேண்டும்.

சாப்பிட்டால் மட்டும் உடம்பில் சேர்ந்துவிடாது. உணவுப் புரதத்தோடு ஒட்டியிருக்கும் பி12ஐப் பிரித்தெடுக்க இரைப்பையில் அமிலம் வேண்டும். பிறகு இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் அதைக் கைப்பிடித்துச் சிறுகுடலின் கடைக்கோடி வரை கூட்டிப்போக வேண்டும். வயதாக ஆகப் பலருக்கு இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறைகிறது. கேஸ் மாத்திரை இருக்கிற அமிலத்தையும் அடக்கிவிடுகிறது. மெட்ஃபார்மின் சிறுகுடலில் உறிஞ்சுவதைத் தடுக்கிறது. நம் கூட்டுறவுச் செயலாளருக்கு மூன்றும் சேர்ந்திருந்தன. அவருடைய மல்டிவைட்டமினில் இருந்த ஒரு மைக்ரோகிராம் பி12, பழுதான அந்தப் பாதையைத் தாண்டிப் போதிய அளவு உள்ளே போகவில்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அவருடைய புட்டிகள் சிலவற்றில் ஃபோலிக் அமிலம் தாராளமாக இருந்தது. பி12 குறைந்தால் வழக்கமாகச் சோகை வரும், இரத்தப் பரிசோதனை காட்டிக்கொடுக்கும். ஃபோலிக் அமிலம் சோகையை மட்டும் சரிசெய்துவிடும், நரம்பைக் காப்பாற்றாது. வெளியே சுவருக்கு வெள்ளை அடித்து, உள்ளே கரையானை விட்டுவைத்த மாதிரி. அவருடைய இரத்தப் பரிசோதனை ‘நார்மல்’ என்றே வந்துகொண்டிருந்தது. மாத்திரை இல்லாமலே இப்படி நடப்பதும் உண்டு. 1988இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், பி12 குறைவால் நரம்போ மனமோ பாதிக்கப்பட்ட 141 பேரில் 40 பேருக்குச் சோகையும் இல்லை, இரத்த அணுக்களின் அளவும் பெருக்கவில்லை.

ஊசி போட்டோம். இரவு அரை மாத்திரையைச் சில வாரங்களில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். தூக்க மாத்திரையும் மறதிக்கு ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து வந்தார். பால்காரர் கணக்கு சரியாகிவிட்டது. பேரேட்டு வேகம் திரும்பவில்லை. பாதத்தில் மரத்த இடமும் பாதி அப்படியே இருக்கிறது. இரண்டு ஆண்டு முன்னால் பார்த்திருந்தால் இதைவிட நன்றாகத் தேறியிருப்பார்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே எல்லோரும் நரம்பு ஊசிக்கு வரிசையில் நிற்க வேண்டாம். மறதி நோய் வந்தவர்களில் பி12ஆல் மட்டுமே வந்து, கொடுத்ததும் தெளிகிறவர்கள் சிறு எண்ணிக்கையினர்தான். ஆனால் தேடிப் பார்க்காவிட்டால் அவர்களையும் இழந்துவிடுவோம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வைட்டமினுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

குறை இல்லாத இடத்தில்

சரி, குறைபாடே இல்லாதவர் சாப்பிட்டால் என்ன ஆகும்? வருமுன் காப்போம் என்றுதானே எல்லோரும் வாங்குகிறோம்? நல்லவேளையாக, இந்தக் கேள்வியைப் பெருஞ்செலவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

ஜின்கோவை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 3,069 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நாள்தோறும் இரண்டு வேளை ஜின்கோ, மறு பிரிவுக்கு அதே தோற்றத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 2008இல் முடிவு வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 246 பேருக்கும், ஜின்கோ சாப்பிட்டவர்களில் 277 பேருக்கும் மறதி நோய் வந்திருந்தது. பிரான்சில் 70 வயது கடந்த 2,854 பேரிடம் ஐந்தாண்டு நடந்த சோதனையும், ஜின்கோ நோயைத் தடுக்கவில்லை என்பதையே 2012இல் உறுதிசெய்தது. இருந்தும் ஜின்கோ புட்டி கடைகளில் இன்னும் முன்வரிசையில்தான் இருக்கிறது. ஆஸ்பிரினோ வார்ஃபரினோ சாப்பிடுகிறவர்கள் கூடவே ஜின்கோவும் சாப்பிட்டால் இரத்தக் கசிவு அபாயம் உண்டு என்பதைப் புட்டியில் தேடித்தான் படிக்க வேண்டும்.

மீன் எண்ணெய் அடுத்தது. மூளையின் கொழுப்பில் டி.எச்.ஏ. என்கிற ஒமேகா-3 நிறைய இருப்பது உண்மை. ஆகவே குடித்தால் மூளை வளரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. மறதி நோயின் ஒரு வகையான அல்சைமர் வந்த 402 பேரில் ஒரு பிரிவினருக்கு ஒன்றரை ஆண்டு நாள்தோறும் டி.எச்.ஏ.வும் மற்றவர்களுக்கு வெற்றுக் குளிகையும் கொடுத்துப் பார்த்ததில், நோயின் வேகம் குறையவில்லை. 2010இல் வந்த முடிவு இது. மீன் சாப்பிடுகிறவர்கள் மத்திக் குழம்பையும் நெத்திலி வறுவலையும் விட வேண்டாம். குளிகைக்குத்தான் சான்று இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் ஸ்மித் தலைமையில் நடந்த ஆய்வு என் வாதத்துக்கு நெருக்கமானது. உடம்பில் பி வைட்டமின்கள் குறைந்தால் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் இரத்தத்தில் கூடும். அது கூடினால் மூளை சுருங்கும் வேகமும் கூடுகிறது. லேசான மறதி தொடங்கிய 70 வயது கடந்தவர்களில் ஒரு பிரிவுக்கு இரண்டாண்டு ஃபோலிக் அமிலம், பி6, பி12, மறு பிரிவுக்கு வெற்று மாத்திரை கொடுத்து, 168 பேரின் மூளையைத் தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுத்தார்கள். வைட்டமின் சாப்பிட்டவர்களிடம் மொத்தத்தில் மூளை சுருங்கும் வேகம் 30 சதவீதம் குறைந்திருந்தது. ஹோமோசிஸ்டீன் 13க்கு மேல் இருந்தவர்களிடம் 53 சதவீதம். அளவு குறைவாக இருந்தவர்களிடம் பயன் இல்லை. குறை இருந்த இடத்தில் நிரம்பியது, நிறைந்த இடத்தில் வழிந்தது. ஆனால் எதிர்ச்சான்றையும் சொல்ல வேண்டும். ஹோமோசிஸ்டீன் கூடியிருந்த 2,919 முதியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்த பெரிய சோதனையில், ஞாபகத் தேர்வுகளில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வழக்கு இன்னும் முடியவில்லை.

மல்டிவைட்டமினுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். அமெரிக்காவின் ஆண் மருத்துவர்கள் 5,947 பேரிடம் பன்னிரண்டு ஆண்டு நடந்த சோதனையில், 65 வயதுக்கு மேல் ஞாபகத்துக்குப் பயன் எதுவும் இல்லை என்று 2013இல் அறிவித்தார்கள். பிறகு காஸ்மோஸ் என்ற பெரிய சோதனை வந்தது. அதன் மூன்று கிளை ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தினமும் ஒரு மல்டிவைட்டமின் சாப்பிட்டவர்களின் மூளை முதுமை சுமார் இரண்டாண்டு தள்ளிப்போனதாக 2024இல் எழுதினார்கள். மறுக்கவேண்டிய செய்தி இல்லை இது. ஆனால் அளந்தது தேர்வு மதிப்பெண்ணைத்தான். மறதி நோய் வருவது குறைந்தது என்று யாரும் காட்டவில்லை. மருத்துவர் ஒருவர் “ஒன்று சாப்பிடுங்கள்” என்றால் நான் சண்டைக்குப் போகமாட்டேன். பதினொன்றுக்குச் சண்டைக்குப் போவேன். பல புட்டிகளிலிருந்து பி6 அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கால் மரக்கிறது என்று வாங்கிய மாத்திரை கால் மரக்கக் காரணமாகிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்து 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில், மறதி நோயைத் தடுப்பதற்காக பி, ஈ வைட்டமின்களையோ ஒமேகா கொழுப்பையோ கூட்டு மாத்திரைகளையோ பரிந்துரைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டது.

வல்லாரையும் மஞ்சளும்

“அதெல்லாம் வெள்ளைக்காரன் மருந்து டாக்டர், நம்ம வல்லாரை?” என்று கேட்பீர்கள். நானும் தேர்வுக்கு முன்னால் வல்லாரைத் துவையல் தின்று வளர்ந்தவன்தான்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நாம் வல்லாரை என்பது தரையோடு படரும், குளம்படி போன்ற வட்ட இலைச் செடி. நீர்ப்பிரமி என்பது சதுப்பில் வளரும், தடித்த சிற்றிலைகள் கொண்ட வேறு செடி. வடக்கே பல இடங்களில் வல்லாரையையும் ‘பிராமி’ என்கிறார்கள், நீர்ப்பிரமியையும் ‘பிராமி’ என்கிறார்கள். புட்டியில் ‘பிராமி’ என்று மட்டும் போட்டிருந்தால் உள்ளே எது இருக்கிறதென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நல்ல முறையில் சோதிக்கப்பட்டது பெரும்பாலும் நீர்ப்பிரமிதான். 65 வயது கடந்த, மறதி நோய் இல்லாத 54 பேரில் ஒரு பிரிவினருக்கு நாளொன்றுக்கு 300 மில்லிகிராம் சாறும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் பன்னிரண்டு வாரம் கொடுத்த ஆய்வு 2008இல் வந்தது. கேட்ட சொற்களைச் சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்வதில் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. சிலருக்கு வயிறு கெட்டது. நம்பிக்கை தரும் தொடக்கம்தான். ஆனால் மூவாயிரம் பேரிடம் ஆறு ஆண்டு சோதித்து ஜின்கோவை நிராகரித்துவிட்டு, ஐம்பத்து நாலு பேரிடம் மூன்று மாதம் பார்த்ததை வைத்து நீர்ப்பிரமிக்கு மாலை போட முடியாது. நம் செடி என்பதால் தராசை மாற்றிவைப்பது நேர்மையும் இல்லை, நாட்டுப்பற்றும் இல்லை. வல்லாரையைக் கீரையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். குளிகைக்குச் சான்று வரட்டும்.

மஞ்சள் கதையும் இதே மாதிரிதான். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் அல்சைமர் நோய் மிகக் குறைவு என்று 2001இல் ஓர் ஆய்வு சொன்னது. உடனே உலகம் முழுக்க, மஞ்சள் தின்பதால்தான் என்று ஒரு கதை கிளம்பிவிட்டது. இன்றைய கணக்கு வேறு. 2023இல் வந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது. இத்தனை பேர் வீட்டிலும் சமையலில் மஞ்சள் உண்டு. மஞ்சளின் குர்குமினை உடம்பு சரியாக உறிஞ்சுவதில்லை. உறிஞ்ச வைப்பதற்காக மிளகுச் சத்துச் சேர்த்து விற்கிற குளிகைகள் சிலருடைய கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. மஞ்சள் சார்ந்த கல்லீரல் பாதிப்புக்கு ஆளான 10 பேரைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2022இல் எழுதினார்கள். அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறவரை மஞ்சளால் ஆபத்தில்லை.

சொறிமீன் சொன்ன கதை

மருமகன் கொண்டுவந்த புட்டிகளில் ஒன்று, பிரீவஜன். அதன் பின்னணியைச் சொன்னால் இந்த வியாபாரம் எப்படி நடக்கிறதென்று புரியும். ஜப்பானிய விஞ்ஞானி ஒசாமு ஷிமோமுரா, அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஃப்ரைடே ஹார்பரில் குடும்பத்தோடு சொறிமீன் பிடித்து, அவற்றின் ஒளிரும் புரதங்களை ஆராய்ந்தார். அந்த உழைப்பு 2008இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. கால்சியம் பட்டால் ஒளிரும் ஏக்வோரின் என்ற புரதம் அவர் கண்டுபிடித்தது. அதே வகைப் புரதத்தைச் செயற்கையாகச் செய்து, மாத்திரையாக்கி, ஞாபகசக்தி கூடும் என்று விற்றார்கள். வாய்வழி போன புரதம் வயிற்றில் செரித்துத் துண்டாகும். துவரம்பருப்புக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கும்.

அந்த நிறுவனமே 218 பேரிடம் சோதனை நடத்தியது. மொத்தத்தில் வெற்று மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. பிறகு அந்தக் கூட்டத்தைச் சிறுசிறு பிரிவாகப் பிரித்து, முப்பதுக்கும் மேற்பட்ட கணக்குப் போட்டு, நன்றாக வந்த சிலவற்றை மட்டும் விளம்பரத்தில் போட்டார்கள். முப்பது பாடத்தில் தேர்வு எழுதிய பையன் தேறிய இரண்டு பாடத்தை மட்டும் ஊருக்குச் சொன்ன மாதிரி. அமெரிக்க வணிக ஆணையமும் நியூயார்க் மாநிலமும் 2017இல் வழக்குத் தொடர்ந்தன. ஞாபகத்தை மேம்படுத்தும் என்று சொல்லக் கூடாதென நீதிமன்ற உத்தரவு வந்தது 2024 டிசம்பரில். ஏறத்தாழ எட்டு ஆண்டு. அதுவரை விற்றது விற்றதுதான்.

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. மூளைத் திறனைக் கூட்டும், ஞாபகத்தை மேம்படுத்தும் என்று எந்த மருந்தும் உரிமை கொண்டாடக் கூடாதென்று மருந்து விதிகளின் ‘ஜே’ அட்டவணை தெளிவாகவே சொல்கிறது. ஆனால் மருந்து என்று பெயர் வைக்காமல் உணவு என்று பெயர் வைத்தால் வேறு வாசல் திறக்கிறது. இந்தப் புட்டிகளில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.

புட்டியில் அடைக்க முடியாதவை

எல்லாவற்றையும் இல்லை இல்லை என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கக் கூடாது. எது உதவும்?

ஃபின்லாந்தில் மியா கிவிபெல்ட்டோ தலைமையில், 60 முதல் 77 வயதுவரை 1,260 பேரிடம் இரண்டாண்டு ஒரு சோதனை நடந்தது. நல்ல உணவு, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, இரத்த அழுத்தம் சர்க்கரை கொழுப்பைக் கவனிப்பது என நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். வெறும் அறிவுரை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களின் சிந்தனைத் திறன் கூடுதலாக முன்னேறியது. 2015இல் வந்த முடிவு. அமெரிக்காவில் 2,111 பேரிடம் இதே போல நடந்த சோதனையும் 2025இல் அதே திசையைக் காட்டியது. இரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குப் பதில் 120க்குக் கீழே வைத்தால், லேசான மறதி வருவது 19 சதவீதம் குறைகிறது என்று 2019இல் காட்டினார்கள்.

மறதி நோயின் தவிர்க்கக்கூடிய காரணங்கள் என்று லான்செட் ஆணையம் 2024இல் பதினான்கைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. படிப்பின்மை, காது கேளாமை, பார்வைக் குறைவு, இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், உடலுழைப்பின்மை, புகை, மது, தலைக்காயம், மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு. அந்தப் பதினான்கில் ஒரு வைட்டமின்கூட இல்லை.

காது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். காது கேட்காத அப்பாவை வீட்டில் ‘மறதிக்காரர்’ என்று முடிவுகட்டிவிடுகிறோம். காதில் விழாததை அவர் எப்படி ஞாபகம் வைத்துக்கொள்வார்? காதில் அடைத்திருந்த அழுக்கை எடுத்ததும் ‘ஞாபகசக்தி’ திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சும் ஒரு மருந்துதான். ஹைதராபாதில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோயாளிகள் 648 பேரை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாக வந்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தெலுங்கிலும் உருதுவிலும் பேரம் பேசிய மூளைக்குக் கிடைத்த பயிற்சியாக அது இருக்கலாம். கைப்பேசியைக் கையில் கொடுத்து மூலையில் உட்காரவைத்த பெரியவருக்கு அந்தப் பயிற்சி கிடைக்காது.

முடிவாக

அறக்கட்டளையை நிறுவிய அந்த மகனுக்கு இப்போது பதில் சொல்கிறேன். இல்லை ஐயா. உங்கள் அம்மாவின் நோய்க்குறிப்புகளை நான் பார்த்தேன். பி12 சரியாக இருந்தது, தைராய்டும் சரியாக இருந்தது. அவருக்கு வந்தது அல்சைமர் நோய். மறதி வெளியே தெரிவதற்குப் பதினைந்து இருபது ஆண்டுகள் முன்பே மூளைக்குள் தொடங்கிவிடுகிற நோய் அது. அதைத் தடுத்திருக்கக்கூடிய மாத்திரை எந்தக் கடையிலும் இருக்கவில்லை. நீங்கள் வாங்கத் தவறிய புட்டி என்று ஒன்று இல்லை. அந்தக் குற்ற உணர்ச்சியை இந்த மண்டபத்திலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள்.

மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு மறதி என்று தோன்றினால், கடைக்குப் போவதற்கு முன்னால் அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு, மருந்துச் சீட்டோடு அருகில் உள்ள மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பி12, தைராய்டு, சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். காதையும் கண்ணையும் பார்க்கச் சொல்லுங்கள். தூக்க மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், குறைக்க வழி கேளுங்கள். குறை இருந்தால் அதற்கு மட்டும் மருந்து வாங்குங்கள். மிச்சப்படும் காசில் அவருக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கிக் கொடுத்து, மாலையில் கூடவே நடந்து போங்கள். போகிற வழியில் அவரைப் பேசவிடுங்கள்.